கையை விடு

ஏனுங்க சார், ஒரு நிமிஷம். ஒடியாவைத் தமிழ்ல சொல்றதுக்குக் கோர்ட்டுல வரச்சொன்னது உங்களைத்தானே? எங்க வக்கீல் இப்பத்தான் காட்டினாரு, அந்தச் சந்தனக் கலர் சட்டைக்காரரைப் போய்ப் பாருன்னு. வாங்க, இப்படி நெழலுக்கு வந்து உக்காருங்க. மாஸ்டர், ரெண்டு டீ. சாருக்குச் சர்க்கரை கம்மியாப் போடுங்க.

ஜட்ஜ் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குது. நான் உங்ககிட்டக் கேக்கிறது பெரிசா ஒண்ணுமில்லை. ஒரு வார்த்தை. 'கையை'ங்கிற ஒரு வார்த்தை. அதை நீங்க உள்ள போய்ச் சொல்லோணும். சொன்னீங்கன்னா நான் சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். சொல்லலைன்னா ஜெயிலுக்குப் போகோணும்.

பயப்படாதீங்க. நான் ரவுடி இல்லை. பேரு சென்னியப்பன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார் மில்லுல மேனேஜர். தேங்காய் மட்டையை மிஷின்ல அடிச்சு நார் எடுக்கிறோமில்ல, அந்த மில்லு. அங்கதான் ஒரு பொம்பளை மிஷினுக்குள்ள போய்ச் செத்துப்போனா. அந்தக் கேசுதான் இன்னைக்கு.

அதா, ரோட்டுக்கு அந்தப்பக்கம் வாகை மரத்தடியில உக்காந்திருக்கிறான் பாருங்க, நீலச் சட்டை. கை ரெண்டையும் முழங்காலுக்கு நடுவில சொருகிட்டு. அவன்தான் அவ புருஷன். மிஷினை ஓட்டற ஸ்டார்ட்டரை இழுத்தவனும் அவன்தான். பக்கத்துல நிக்கிற அம்மா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர். அந்தம்மாதான் கேஸ் போட்டது. இன்னைக்கு அவன் சாட்சி சொல்றான். தமிழ் பேச வராது. அவன் வாயில வர்றது உங்க வாய் வழியாத்தான் ஜட்ஜ் காதுக்குப் போகோணும்.

அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். 'விடு'ன்னு மேனேஜர் கத்தினாரு, நான் மிஷினை விட்டேன். இதைத்தான் சொல்லுவான். சொல்லட்டும். நீங்க அதைத் தமிழ்ல எடுத்துச் சொல்றப்போ, 'கையை விடுன்னு மேனேஜர் கத்தினாரு'ன்னு சொல்லிப்போடுங்க. முடிஞ்சது. பொய் இல்லீங்க சார், நான் சொன்னதே அதுதான். ஸ்டார்ட்டர் மேல இருந்து கையை எடுன்னு சொன்னேன். கையை விடு.

போத்தனூர்ல ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவராமே நீங்க. இத்தனை காலம் இங்க இருந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா? தண்ணி விடுன்னா தண்ணியைத் திறந்து விடறது. கரண்ட் விடுன்னா சுவிட்சைப் போடறது. கையை விடுன்னா எடுத்துக்கறது. எல்லாம் அதே விடுதான். முன்னால எது நிக்குதோ அதை வெச்சுத்தான் அர்த்தம். முன்னால ஒண்ணும் இல்லாம மொட்டையா நின்னா என்னை உள்ள தள்ளிடும். அதான் கேக்கிறேன்.

குடிங்க, டீ ஆறுது.

அவன் பேரு தினபந்துவாம். வாயில நுழையுமா? நான் 'பந்து'ன்னுதான் கூப்பிடுவேன். உதைச்சா ஓடோணுமில்ல! மில்லே சிரிக்கும். அவனும் சிரிப்பான். அர்த்தம் தெரியாமத்தான், ஆனா சிரிப்பான். அவ பேரு குந்தலா. ஒல்லியா இருப்பா, காத்தடிச்சா சாஞ்சுபோற மாதிரி. ஆனா வேலைக்காரி. மட்டைக் கூடையைத் தலையில தூக்கினா எறக்கமாட்டா. அவளைக் குறை சொல்லவே மாட்டேன். செத்துப்போனவளை எதுக்குக் குறை சொல்லோணும்?

அந்த இன்ஸ்பெக்டரம்மா மொத நாள் வந்தப்போ என்னைக் கேட்ட கேள்வியைச் சொல்றேன், கேளுங்க. 'வேலைக்குச் சேர்த்தப்போ பயிற்சி குடுத்தீங்களா?' நான் சொன்னேன், 'ஏனுங்கம்மா, குடுக்காம விடுவேனா? என்ற கையாலயே குடுத்தேன்.' அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. நான் இந்தக் கையை விரிச்சுக் காட்டினேன். அப்பறம்தான் அந்தம்மாளுக்குப் புரிஞ்சுது. எழுதினதை அடிச்சுப்போட்டாங்க.

ஆமாங்க, அடிச்சுத்தான் சொல்லிக் குடுத்தேன். வேற எப்படிச் சொல்லிக் குடுக்கிறது? அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. அடி எல்லாப் பாஷையிலயும் புரியும். சேர்ந்த அன்னைக்கே ஸ்டார்ட்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். சுவத்துல பெட்டி, பெட்டியில கைப்பிடி. கீழே இழுத்தா மிஷின் ஓடும், மேலே தள்ளினா நிக்கும். அவன் கையைப் பிடிச்சுக் கைப்பிடி மேல வெச்சு, 'விடு'ன்னு சொல்லி இழுத்துக் காட்டினேன். 'நிறுத்து'ன்னு சொல்லித் தள்ளிக் காட்டினேன். இந்த ரெண்டு வார்த்தை போதும்டா உனக்கு, இதை வெச்சே தமிழ்நாட்டுல பொழைச்சுக்கலாமுன்னேன். மொதல்ல ஒருதடவை படி மேல நின்னு 'விடு'ன்னு கத்தினேன், அவன் ரூமை விட்டு வெளிய தலையை நீட்டி, 'க்யா?'ன்னு இந்தியில கேக்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க. எறங்கி வந்து விட்டேன் ஒரு அறை. ஒதடு கிழிஞ்சுபோச்சு. அடுத்த தடவையும் அதேமாதிரி திருதிருன்னு முழிச்சான். ஒரு ஈர மட்டையை எடுத்து முதுகுல போட்டேன். ஈர மட்டையில அடி வாங்கியிருக்கீங்களா? கட்டை மாதிரி இருக்கும். அதுக்கப்பறம் கேள்வியே கிடையாது. 'வி'ன்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள மிஷின் ஓடும். மொதலாளியே வந்து பார்த்துட்டு, 'சென்னியப்பா, நல்லாப் பழக்கி வெச்சிருக்கிறியே'ன்னாரு. பழக்கினதை அவரே கண்ணால பார்த்திருக்கிறாரு சார். பயிற்சி இல்லைன்னு எப்படிச் சொல்லலாம்?

எனக்கும் அப்படித்தான் பழக்கினாங்க. இந்தக் கையைப் பாருங்க. மோதிர விரலும் சுண்டு விரலும் எங்க? கருப்பண்ண மேஸ்திரிகிட்ட வேலை பழகினப்போ போச்சு. மட்டை நசுக்கிற மிஷினு. நான் வலியில கத்தறேன், அவர் பின்னங்கழுத்துல ஒண்ணு வெச்சு, 'இனிமே மறக்கமாட்டே'ன்னாரு. மறக்கலையே! நான் கேஸ் போட்டேனா? இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேனா? மஞ்சத்துணியைச் சுத்திட்டு மறுவாரம் வேலைக்கு வந்தவன் நானு. அவர் செத்தப்போ பாடைக்குத் தோள் குடுத்தேன். அந்தக் காலத்து ஆளுக அப்படி.

ரெண்டாவது கேள்வி, 'மேற்பார்வை யாரு?' நான்தானுங்க. மேற்பார்வைன்னா என்ன, மேல இருந்து பார்க்கிறது. மில்லுல ஒரு இரும்புப் படி இருக்குது, ஆஃபீஸ் ரூமுக்கு ஏறிப் போறது. அதில பாதியில நின்னா லாரி நிக்கிற எடம் தெரியும், களம் தெரியும், ஸ்டார்ட்டர் ரூம் ஜன்னல் தெரியும். அங்கதான் நிப்பேன் நாளெல்லாம். அந்தம்மா ஏறிப்போய் என்ற எடத்துலயே நின்னு பார்த்தாங்க. 'இங்கிருந்து நார் மிஷின் வாய் தெரியலையே'ன்னாங்க. தெரியாதுதான். நடுவுல நார்க் கட்டு அடுக்கியிருக்கும். எல்லாத்தையும் ஒரே எடத்துல நின்னு பார்க்க நான் என்ன பருந்தா?

ம்? ஸ்டார்ட்டர் ரூமுல இருந்தும் மிஷின் வாய் தெரியாது. நடுவுல சுவரு. அதான் கத்தறது. கத்தறதுக்குத்தான் நான் இருக்கிறேன்.

நீங்க நார் மிஷின் பார்த்திருக்க மாட்டீங்க. பெரிய இரும்பு உருளை. அதைச் சுத்தி வரிசை வரிசையாப் பல்லு. மட்டையை ஒருபக்கம் போட்டா பல்லு கிழிச்சு, தூளைக் கீழே தள்ளி, நாரை மறுபக்கம் துப்பிடும். மட்டை ரொம்ப ஈரமா இருந்தா நார் பல்லுல சுத்திக்கும். அடைச்சுக்கும். அப்போ மேல்மூடியைத் திறந்து, ஒரு ஆள் இடுப்பு வரைக்கும் உள்ள போய், அரிவாள்ல அறுத்து எடுக்கோணும். ஆம்பளைக்குத் தோள் அகலம், போகாது. ஒல்லியான பொம்பளைகதான் போவாங்க.

மூடியைத் திறந்தா மிஷின் ஓடவே ஓடாத மாதிரி ஒரு குட்டி சுவிட்சு வெச்சுத்தான் குடுத்தாங்க மிஷின் செஞ்சவங்க. ஆனா மூடி ஆட்டத்துல கொஞ்சம் தூக்கினாலே மிஷின் நின்னுபோகும். நாளைக்குப் பத்துத்தடவை நின்னா லாரிக்கு எங்கிருந்து லோடு ஏத்தறது? மொதலாளி, 'இதுக்கு ஒரு வழி பண்ணப்பா'ன்னாரு. ஒயரைப் பிடுங்கி நேரா முறுக்கிப்போட்டேன். அதுக்கப்பறம் ஒரு தொந்தரவு இல்லை. இன்ஸ்பெக்டரம்மா அந்த முறுக்கின ஒயரைப் போட்டோ எடுத்திருக்காங்க. எத்தனை கோணத்துல! ஒரு ஒயருக்கு இத்தனை போட்டோவான்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். முழுசாக் கேளுங்க, அப்பத்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

மழை பேஞ்சு மட்டையெல்லாம் ஊறிக்கிடக்குது. காலையில இருந்து அடைப்பு. அறுத்து எடுக்கிறோம், மறுபடி அடைக்குது. தூத்துக்குடிக்குப் போற லாரி வந்து நிக்குது. டிரைவர் ஆரனை அடிச்சுட்டே இருக்கிறான். மொதலாளி போன் மேல போன். 'என்ன சென்னியப்பா, மில்லு நடத்தறியா மடம் நடத்தறியா?' எனக்கு ரத்தம் தலைக்கு ஏறி நிக்குது.

குந்தலாவைக் கூப்பிட்டு, உள்ள போன்னேன். அவ தலையை ஆட்டறா, மாட்டேங்கறா. அன்னைக்கு ஏற்கெனவே போயிட்டு வந்தவ. அரிவாள் கையைக் கிழிச்சிருந்துச்சு. இவன் வந்து குறுக்க நிக்கிறான். தன்ற நெஞ்சைத் தொட்டுக் காட்டறான், நான் போறேன்னு. தோளைப் பார்ரா, எருமை மாதிரி இருக்குது, எப்படிடா போவேன்னு விட்டேன் கன்னத்துல. போய் ஸ்டார்ட்டர்கிட்ட நின்னுட்டான். அவளும் அரிவாளை எடுத்துட்டு உள்ள போயிட்டா. ரெண்டு பேரும் சொன்னபடி கேட்டாங்க. நான் படியேறிட்டேன்.

டிரைவர் மறுபடி ஆரன் அடிக்கிறான். 'யோவ், நான் வெறும் வண்டி எடுத்துட்டுப் போயிருவேன், பார்த்துக்கோ'ங்கறான். 'போடா பார்க்கலாம், வண்டியக் கொளுத்திப்போடுவேன்'னு நானும் கத்தறேன். மொதலாளி திரும்பப் போன் பண்றாரு. ஜெனரேட்டர் ஒருபக்கம் அலறுது. மிஷின் நிக்குது. அவ்வளவு நேரமா நிக்குது. எனக்கு அந்த நிக்கிற மிஷினைத் தவிர வேற எதுவும் மண்டையில இல்லை. ஜன்னல்ல இவனைப் பார்க்கிறேன், கைப்பிடி மேல கையை வெச்சுட்டு என்னையே பார்த்துட்டு நிக்கிறான். கத்தினேன், 'விடுடா'ன்னு.

கையை. கையை விடுடான்னு.

என்னங்க சார், அப்படிப் பார்க்கறீங்க? அதான் சொல்றேனே, கையை எடுன்னு சொல்லத்தான் கத்தினேன். பொண்டாட்டி உள்ள இருக்கிறப்போ கைப்பிடி மேல கை வைக்கலாமா? தப்பில்லையா? அவ நல்லதுக்குத்தான் கத்தினேன்.

சத்தம் மாறுச்சு. மட்டை போனா ஒரு சத்தம் வரும், படபடன்னு. இது வேற. ஈரத்துணியைக் கல்லுல அடிக்கிற மாதிரி மொதல்ல. அப்பறம் கட்டை ஒடையற மாதிரி. அவ கத்தினாளான்னு எல்லாரும் கேக்கிறாங்க. போலீசும் கேட்டாங்க. கத்தறதுக்கு நேரமில்லைங்க. காலு ரெண்டும் மூடிக்கு வெளிய இருந்துச்சு, அது மட்டும் ரெண்டு உதை உதைச்சுதுன்னு பார்த்தவங்க சொன்னாங்க. மறுபக்கம் நார் வந்து விழற எடத்துல இருந்த பொம்பளைகதான் கத்தினாங்க. நார் செவப்பா வந்துச்சு. புடவை வந்துச்சு. வளையல் சில்லு. அப்பறம் வந்ததைச் சொல்ல வேண்டாம், நீங்க டீ குடிக்கறீங்க.

நான் படியில இருந்தே, 'நிறுத்து, நிறுத்து'ன்னேன். அந்தக் கணமே நின்னுபோச்சு மிஷின். அதில ஒண்ணும் குறை சொல்ல முடியாது சார். நான் ஒரு வார்த்தை சொன்னா அவன் அப்படியே கேப்பான். ஒரு தடவைகூட மீறினது கிடையாது.

என்ன கேட்டீங்க? ...அப்பறம் எப்படி அன்னைக்கு மட்டும் மீறினான்னா? அதைத்தான் நீங்க அவனைக் கேக்கோணும். என்னை எதுக்குக் கேக்கறீங்க?

நான் படியை விட்டு எறங்கி வர்றேன், அவன் ரூமை விட்டு வெளிய வந்தான். இன்னும் தெரியாது அவனுக்கு. நான் மறுபடி கூப்பிடப் போறேன்னு முகத்தைத் துடைச்சுட்டு வர்றான். அந்தக் காலைப் பார்த்தான். கொலுசு போட்டிருப்பா அவ.  நேரா போய் அந்தக் காலைப் பிடிச்சு வெளிய இழுத்தான். வந்துச்சு. பாதிதான் வந்துச்சு.

நான் ஓடி வந்து அவன் மண்டையிலயே போட்டேன். கையில என்ன கெடைச்சுதுன்னு நெனப்பில்லை, இரும்புக் கம்பியா இருக்கும். 'கொன்னுட்டியேடா பாவி'ன்னு போட்டேன். அப்பறம் எல்லாரும் அடிச்சோம். லாரி டிரைவர்கூட எறங்கி வந்து உதைச்சான். காதுல ரத்தம் வந்துச்சு, பல்லு ஒண்ணு விழுந்துச்சு. அவன் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை சார். ஒருத்தனை அடிக்கிறப்போ அவன் தடுத்தாத்தான் நமக்கும் ஒரு இதுவா இருக்கும். மூட்டையை அடிக்கிற மாதிரி இருந்துச்சு. போலீஸ் வந்து இழுத்துட்டுப் போனாங்க. அங்கயும் நல்லாக் கவனிச்சுட்டுத்தான் வெளிய விட்டிருக்காங்க. இப்போ ஒரு காது கேக்காதாம். எந்தக் காதுன்னு தெரியலை.

நான் கல்லுநெஞ்சுக்காரன் இல்லீங்க. பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரை வீட்டுல எடுத்து வெளிய எறிஞ்சுட்டேன். பச்சைக் கலர்ல பிளாஸ்டிக்குல வருதே, அதை வாங்கிக் குடுத்துட்டேன். நார்ல தேய்ச்சாத்தான் சுத்தமா போகுதுன்னு சம்சாரம் மல்லுக்கட்டினா. இனி அது வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா உன்னைய அதிலயே தேய்ச்சுப்போடுவேன்னு சொல்லிட்டேன். வாயை மூடிக்கிட்டா.

அந்தா, வெள்ளைக் கார் வருது பாருங்க. அதான் மொதலாளி. நாச்சிமுத்துன்னா பொள்ளாச்சியில எல்லாருக்கும் தெரியும். வணக்கம் வெச்சேன், பார்க்கலை. பார்க்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கிறாரு. கோர்ட்டுல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாதாம். நல்ல மனுசன் சார். மேஸ்திரியா இருந்தவனை மேனேஜர் ஆக்கினவரு. எப்போ தெரியுங்களா? அவ செத்த மூணாம் நாளு. மில்லே சீல் வெச்சுக் கெடக்குது, வீட்டுக்கே ஆளு விட்டுக் கூப்பிட்டு, 'இனி நீதான்டா மேனேஜர், மில்லு உன் பொறுப்பு'ன்னாரு. போன வருஷத்துல இருந்தே மேனேஜருன்னு சொல்லச் சொன்னாரு. பாருங்க, எவ்வளவு பெருந்தன்மை! வேற மொதலாளியா இருந்தா அந்தச் சமயத்துல வேலையை விட்டே தொரத்தியிருப்பான். நம்பிக்கை சார். எம்மேல நம்பிக்கை.

அந்தம்மா ஒருநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு ஏதேதோ சொன்னாங்க. தொழிலாளிக்குப் புரியற பாஷையில சொல்லிக்குடுக்க வேண்டியது மொதலாளி பொறுப்பு, மிஷினைச் சுத்தம் பண்றப்போ ஸ்டார்ட்டரைப் பூட்டிச் சாவியை உள்ள போற ஆளு கையில குடுக்கோணும், அதைப் பார்க்க ஒரு ஆளைப் போடறதும் மொதலாளி பொறுப்பு, உங்களை மேனேஜருன்னு காட்டி அவர் கழண்டுக்கிறாரு, நீங்க உண்மையைச் சொல்லுங்கன்னு. எனக்கு வந்த கோபத்துல, 'ஏனுங்கம்மா, மொதலாளிக்கும் எனக்கும் நடுவுல கொள்ளி வைக்கறீங்களா'ன்னு கேட்டுட்டேன். சாவியைப் பொம்பளை கையில குடுக்கோணுமாம்! அவ எடுத்துட்டு ஊருக்குப் போயிட்டான்னா மில்லை யார் திறக்கிறது?

சரி, அதை விடுங்க. நம்ம விசயத்துக்கு வர்றேன். 'கையை'ன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா கேஸே திரும்பிடும். மேனேஜர் எடுன்னாரு, இவன் கேக்காம இழுத்தான். அப்போ மில்லு மேல குத்தமில்லை. வக்கீல் இன்னும் ஒருபடி மேல போறாரு. முந்தின நாள் புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை, அதை மனசுல வெச்சுட்டு வேணுமின்னே இழுத்துட்டான், இது கொலைன்னு கொண்டு போயிடலாமுங்கறாரு. சண்டை நடந்தது நெசம்தான் சார், நானே கேட்டேன். அவங்க குடியிருந்த தகரக் கொட்டகையில அவ அழுதுட்டு இருந்தா. என்ன சண்டையா? ஊருக்குப் போயிடலாம், இந்த மிஷினுக்குள்ள நான் இனிப் போகமாட்டேன்னு அவ மிஷின் பக்கம் கையைக் காட்டிக் காட்டிச் சொல்றா. இவன் கன்னத்தைத் தொட்டுக் காட்டறான், போகலைன்னா அடிப்பாங்கன்னு. பாஷை புரியலைன்னாலும் அது புரிஞ்சுது. சண்டைன்னா சண்டைதானே? காரணத்தை யார் கேக்கப்போறா?

உள்ள போனா அவனுக்கு மூணு வேளை சோறு. வெளியில அவனுக்கு யார் இருக்கிறா, சொல்லுங்க? எனக்குக் குடும்பம் இருக்குது. அவனுக்கு இருந்தவளும் போயிட்டா.

எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. உக்காருங்கன்னா! ...கையைத் தானே பிடிச்சேன், அதுக்கேன் முகம் வெளுக்குது? ரெண்டு விரல் இல்லைன்னாலும் பிடி இருக்குதில்ல? நீங்க போத்தனூர்ல எந்த வீதி, எந்த வீடு, பேத்தி எந்த வேன்ல பள்ளிக்கூடம் போறா, எல்லாம் வக்கீல் சொன்னாரு. சும்மா சொன்னேன். பழகின ஊரு, வந்துபோய் இருக்கலாமுன்னுதான்.

என்ன? மறுபடி சொல்லுங்க, லாரி சத்தத்துல கேக்கலை. ...'கையை'ன்னு நெசமாவே சொன்னீங்களான்னா?

இத்தனை சொல்லியும் இதைக் கேக்கறீங்களே சார்! சொன்னேன். சொன்னேன். ஜெனரேட்டர் சத்தத்துல அவனுக்கு முன்வார்த்தை விழுந்திருக்காது. அது என்ற தப்பா? நம்பலை நீங்க. மூஞ்சியிலயே தெரியுது. இருங்க, நான் எப்படிக் கத்தினேன்னு அப்படியே காட்டறேன், நீங்களே கேட்டுப் பாருங்க. இதுதான் படின்னு வெச்சுக்கங்க, இந்தப் பெஞ்சு. ஏறிட்டேன். அந்த மரத்தடி தூரம்தான் ஸ்டார்ட்டர் ரூமு. ரோட்டுல போற லாரிதான் ஜெனரேட்டரு. நான் கையை இப்படி வாய்க்கு வெச்சு...

'விடுடாஆஆ!'

கேட்டீங்களா? எவ்வளவு தெளிவா... இருங்க. அவன் எதுக்கு எந்திரிக்கிறான்?

பாருங்க, பாருங்க, கிறுக்கன். கையை மேல கொண்டுபோறான். எதைப் பிடிக்கிறான் அந்தரத்துல? இழுக்கிறான் சார். கீழ இழுத்துட்டான். அட, நடிக்கிறான், எல்லாம் நடிப்பு, அந்தம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. டேய்! கையை எடுடா! ...எடுக்கமாட்டான். இடுப்புக்கிட்ட கையை இறுக்கி வெச்சுட்டு இங்கயே பார்த்துட்டு நிக்கிறான் பாருங்க. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் அப்படியேதான் நிப்பான்.  ஒண்ணுக்குப் போயிட்டான், தூ.

இன்ஸ்பெக்டரம்மா எதுக்கு ரோட்டைத் தாண்டி இங்க வர்றாங்க? வக்கீல் ஏன் தலையில அடிச்சுக்கிறாரு? மொதலாளி... மொதலாளி, எங்க போறீங்க? இப்பத்தானே வந்தீங்க? மாஸ்டர், டீயைப் போடாம நீ என்னய்யா பார்க்கிறே? ஏனுங்க, எல்லாரும் அவனைப் பாருங்க. பைத்தியம் பிடிச்சு நிக்கிறவன் அங்க இருக்கிறான். என்னை எதுக்குப் பார்க்கறீங்க?